பிரஷ்லெஸ் ஆர்சி கார் உதறுகிறதா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

ரிமோட்டின் த்ராட்டிலை லேசாக இழுத்ததும் கார் நகராமல் டர்ர் டர்ர் என்று உதறும். இல்லையென்றால் ஓரடி போய் நின்று, மறுபடி குதித்துக் கிளம்பும். ஆர்சி (ரிமோட் கார்) ஓட்டுகிறவர்கள் இதைக் காகிங் என்பார்கள். இது வந்ததும் பலர் மோட்டார் போய்விட்டது என்று முடிவு கட்டிப் புதிதாக ஆர்டர் போட்டுவிடுகிறார்கள், அது வந்து சேர்ந்து மாட்டிய பிறகும் அதே உதறல் இருக்கும். நான் பிரித்துப் பார்த்த கார்களில் மோட்டார் உண்மையிலேயே கெட்டிருந்தது மிகக் குறைவு. பேட்டரியிலிருந்து மோட்டார் வரை கரண்ட் போகிற பாதையில் எங்கோ ஓரிடம் சரியாகத் தொடாமல் இருக்கும், அல்லது கியர் சுமை மோட்டாரின் சக்திக்கு மிஞ்சியதாக இருக்கும். அதனால் காசில்லாத சோதனைகளை முதலில் செய்யுங்கள், கடைக்குப் போவது அப்புறம்.

கீழே உள்ள தலைப்புகளில் உங்கள் காரின் அறிகுறி எதுவோ அங்கே போங்கள். அதற்கு முன் இரண்டு விஷயம்.

ஒன்று, மோட்டாரின் பின்பக்கத்திலிருந்து மூன்று தடித்த வயர்கள் தவிர, ஆறு மெல்லிய வயர்கள் சேர்ந்த ஒரு சின்ன கேபிள் இஎஸ்சிக்கு (மோட்டாருக்குப் போகும் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி) போகிறதா என்று பாருங்கள். போனால் அது சென்சார் மோட்டார், இல்லையென்றால் சென்சார் இல்லாதது. பாதி சோதனைகள் இதைப் பொறுத்துத்தான் மாறும்.

இரண்டு, மேஜையில் வைத்துச் சோதிக்கும்போது காரை ஒரு ஸ்டாண்டின் மேல் ஏற்றி நான்கு சக்கரமும் காற்றில் இருக்கும்படி வையுங்கள், மோட்டாரை மட்டும் பார்ப்பதென்றால் பினியனை (மோட்டார் ஷாஃப்ட்டில் இருக்கும் சின்னப் பல்சக்கரம்) ஸ்பர் கியரிலிருந்து (அது சுற்றும் பெரிய பல்சக்கரம்) விலக்கிவிடுங்கள். வயரைத் தொடும் ஒவ்வொரு முறையும் பேட்டரியைக் கழற்றிய பிறகே தொட வேண்டும். 3எஸ் லைப்போவில் (மூன்று செல் உள்ள லித்தியம் பேட்டரி) விரல் பினியனுக்குள் போனால் தையல் போடும் அளவுக்குக் கிழியும்.

நின்ற இடத்தில் கிளம்பும்போது மட்டும் உதறல், ஓட ஆரம்பித்தால் சரி (சென்சார் இல்லாத மோட்டார்)

இதில் கொஞ்சம் இயல்பானதுதான். சென்சார் இல்லாத மோட்டார் நிற்கும்போது ரோட்டர் (உள்ளே சுற்றும் காந்தம்) எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று இஎஸ்சிக்குத் தெரியாது, குத்துமதிப்பாக ஒரு தள்ளு தள்ளிப் பார்த்துத்தான் பிடித்துக்கொள்ளும். எப்போதாவது ஒரு சின்னத் துள்ளல் என்றால் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறையும் வருகிறது, அல்லது போன மாதம் இல்லாதது இப்போது வருகிறது என்றால் இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் த்ராட்டில் கலிப்ரேஷன். ரிமோட் மாற்றியிருந்தாலோ, ட்ரிம் (நியூட்ரலை லேசாக நகர்த்தும்) பொத்தானைத் தெரியாமல் நகர்த்தியிருந்தாலோ இஎஸ்சி கற்றுவைத்திருக்கும் நியூட்ரலும் ரிமோட் அனுப்பும் நியூட்ரலும் பொருந்தாது. ட்ரிம்மைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, எண்ட் பாயிண்ட்டை (த்ராட்டில் எட்டக்கூடிய எல்லை) 100 சதவீதத்தில் வைத்து, இஎஸ்சியின் கையேட்டில் உள்ளபடி நியூட்ரல், முழு முன், முழு பின் என்று மறுபடி கலிப்ரேட் செய்யுங்கள். சில ரிமோட்டுகளில் புதியவர்களுக்காக 50 சதவீத வேகக் கட்டுப்பாடு ஒன்று இருக்கும். அது ஆன் ஆகியிருந்தாலும் கிளம்பும்போது இழுவை போதாமல் திக்கும்.

அடுத்து விரல். நடை வேகத்தில் ஊர்ந்து போகவைக்கப் பார்த்தால் சென்சார் இல்லாத செட் கண்டிப்பாக உதறும். தயங்காமல் ஒரே சீராக இழுத்து, கார் பிடித்துக்கொண்டதும் தளர்த்துங்கள். உதறிக்கொண்டிருக்கும்போது அப்படியே அழுத்திப் பிடித்திருப்பதுதான் ஆபத்து. மோட்டார் சுற்றாமல் கரண்ட் மட்டும் பாயும், இஎஸ்சி சூடாகும். கிளம்பவில்லையென்றால் உடனே விட்டுவிட்டு மறுபடி இழுங்கள்.

பிறகு இஎஸ்சியில் பஞ்ச் அல்லது ஸ்டார்ட் மோடு என்கிற செட்டிங். அது உச்சத்தில் இருந்தால் கிளம்பும் கணத்தில் பேட்டரியிடம் நிறையக் கேட்கும், பேட்டரியால் கொடுக்க முடியாவிட்டால் நடுங்கும். இரண்டு படி இறக்கிப் பாருங்கள். இறக்கியதும் உதறல் குறைந்தால் பேட்டரி அல்லது கியர் மேல் சந்தேகம் வர வேண்டும், அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

இத்தனையும் பார்த்தாகிவிட்டது, பேட்டரியும் கியரும் சரியாக இருக்கின்றன, ஆனால் உங்களுக்கு வேண்டியது பாறை ஏறுகிற மாதிரியான மெதுவான ஓட்டம் என்றால் சென்சார் இல்லாத செட்டில் அது கிடைக்காது. சென்சார் உள்ள மோட்டாரும் அதற்கேற்ற இஎஸ்சியும் வாங்குவதுதான் வழி. கிராலர் (பாறை ஏறும் கார்) என்றால் ஹாபிவிங் ஃப்யூஷன் போல மோட்டாரும் இஎஸ்சியும் ஒன்றாக வருகிறவை மெதுவான ஓட்டத்தில் அருமையாக இருக்கும்.

தூக்கிப் பிடித்தால் வழவழவென்று சுற்றுகிறது, தரையில் வைத்தால் உதறுகிறது

என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான், பொறுமையாகப் பார்க்க வேண்டியதும் இதுதான். சுமை ஏறியதும் திக்குகிறது என்றால் ஒன்று சுமை அதிகம், அல்லது சக்தி குறைவு.

சுமையிலிருந்து ஆரம்பிப்போம். பினியனை விலக்கிவிட்டுக் காரை வழவழப்பான தரையில் தள்ளிவிடுங்கள். தானாக உருண்டு போக வேண்டும். தள்ளிய கையை எடுத்ததும் நின்றுவிட்டால் ஒவ்வொரு சக்கரமாகச் சுற்றிப் பாருங்கள், கரகரவென்று தேய்கிற பேரிங், ஆக்சிலில் சுற்றிக்கொண்ட தலைமுடி அல்லது நூல், காய்ந்து இறுகிய சேறு, ஸ்பர் கியரின் இரண்டு பல்லுக்கு நடுவே சிக்கிய ஒரு சின்னக் கல், எல்லாமே மோட்டாரைத் திணறவைக்கும். கல் சிக்கினால் ஒரு சுற்றுக்கு ஒரு முறை 'டக்' என்று கேட்கும், அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். நைட்ரோ காரை பிரஷ்லெஸ்ஸாக மாற்றியிருந்தால் பழைய பிரேக் தட்டு உரசுகிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் கியர் மெஷ். பினியனும் ஸ்பரும் மிக நெருக்கமாக இருந்தால் கிளம்பும்போது இறுகும். நோட்டுப் புத்தகத் தாளில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து இரண்டு கியருக்கும் நடுவே செருகி, மோட்டாரை நெருக்கி அழுத்தி ஸ்க்ரூவை முடுக்குங்கள், பிறகு தாளை உருட்டி வெளியே எடுங்கள். தாள் மடிப்பு மடிப்பாக, ஆனால் கிழியாமல் வர வேண்டும். ஸ்பர் கியரை ஒரு முழுச் சுற்று சுற்றி, எல்லா இடத்திலும் ஒரு மயிரிழை ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். சில ஸ்பர் கியர்கள் லேசாகக் கோணியிருக்கும், ஓரிடத்தில் சரியாக இருப்பது இன்னோரிடத்தில் இறுகிவிடும். இறுகும் இடத்தை வைத்து மெஷ் வைக்க வேண்டும்.

அடுத்தது பினியன் அளவு. வேகம் வேண்டும் என்று பெரிய பினியன் போட்டவர்கள், பெரிய டயர் மாட்டியவர்கள் எல்லோரும் இங்கே நில்லுங்கள். பெரிய டயரும் பெரிய பினியனும் மோட்டாருக்கு ஒரே தண்டனைதான். இரண்டு பல் குறைவான பினியன் போட்டுப் பாருங்கள். 13 பல்லுக்குப் பதில் 11 போட்டால் உச்ச வேகம் 15 சதவீதம் போலக் குறையும், ஆனால் கிளம்பும் இழுவை ஏறும், மோட்டார் சூடும் இறங்கும். ஒரு பினியன் சில நூறு ரூபாய்தான், மோட்டார் வாங்கும் முன் இதை வாங்கிப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை.

சுமை சரி என்றால் சக்தி வருகிற பாதை. இங்கே நான் முதலில் பார்ப்பது கனெக்டர்களை. சில நிமிடம் ஓட்டிவிட்டு பேட்டரியைக் கழற்றி ஒவ்வொரு கனெக்டரையும் விரலால் தொட்டுப் பாருங்கள். வயர் சாதாரணமாக இருந்து கனெக்டர் மட்டும் சுட்டால் குற்றவாளி கிடைத்தாகிவிட்டது. வெள்ளை நிறத்தில் வருகிற பழைய டமியா பிளக் பிரஷ்லெஸ் செட்டுக்குப் போதவே போதாது, அது இருந்தால் வேறு சோதனை எதுவும் செய்யாமல் எக்ஸ்டி60 மாற்றிவிடுங்கள். 1/8 அளவு கார், 4எஸ் பேட்டரி என்றால் எக்ஸ்டி90 அல்லது இசி5.

மோட்டார் பக்கம் வருகிற தங்க நிற புல்லட் கனெக்டர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். இரண்டு விரலில் லேசாக இழுத்ததுமே கழன்று வந்தால் அது தளர்ந்துவிட்டது. உள்ளே போகும் முனையின் ஸ்பிரிங் இதழ்கள் தட்டையாகியிருக்கும், தங்க முலாம் போய்க் கறுத்த வளையம் தெரியும். இதழ் பிளந்திருக்கும் வகை என்றால் மெல்லிய கத்தி முனையால் கொஞ்சம் விரித்துவிட்டு அன்றைய ஓட்டத்தைச் சமாளிக்கலாம், ஆனால் அது தற்காலிகம். மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் அடுத்த மாதம் மற்றொன்று இதே வேலையைக் காட்டும்.

சால்டரிங்கும் அதே முக்கியம். ஷ்ரிங்க் குழாயை ஒதுக்கிவிட்டு சால்டரைப் பாருங்கள். ஈயம் கலந்த 63/37 சால்டர் நன்றாகப் பிடித்திருந்தால் பளபளவென்று வயருக்குள் ஊறியிருக்கும். மங்கலாக, உருண்டையாக மேலே உட்கார்ந்திருந்தால் உள்ளே பிடிக்கவில்லை. (ஈயமில்லாத சால்டர் நன்றாகப் பிடித்தாலும் மங்கலாகத்தான் தெரியும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள், இழுத்துப் பாருங்கள்.) தடித்த வயருக்கு 25 வாட் அயர்ன் உதவாது, 60 வாட்டாவது வேண்டும். உங்களிடம் அது இல்லையென்றால், தெரு முனையில் நல்ல மொபைல் அல்லது ஆடியோ ரிப்பேர் கடைக்காரர் இருந்தால் அவரிடம் கொடுங்கள், பத்து நிமிட வேலை. பேட்டரி முனையைச் சால்டர் செய்யும்போது மட்டும் சிவப்பையும் கறுப்பையும் ஒரே நேரத்தில் திறந்து வைக்காதீர்கள், ஒன்றை முடித்து மூடிய பிறகே அடுத்தது.

ஃபுல் சார்ஜில் அருமை, கொஞ்சம் ஓடியதும் திக்க ஆரம்பிக்கிறது

பேட்டரிதான், பத்துக்கு எட்டு முறை. அதற்கு மலிவான ஒரு சோதனை இருக்கிறது. பேட்டரியின் பேலன்ஸ் வயரில் (ஒவ்வொரு செல்லுக்கும் தனித்தனியாக வருகிற மெல்லிய வயர்கள்) மாட்டுகிற லைப்போ அலாரம் ஒன்றை வாங்கி, செல் ஒன்றுக்கு 3.3 வோல்ட்டில் வைத்து, காரில் நன்றாகக் கட்டிவிட்டு ஓட்டுங்கள். நிற்கும்போது ஒவ்வொரு செல்லும் 3.8 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறது, ஆனால் கிளம்பும் ஒவ்வொரு முறையும் அலாரம் கத்துகிறது என்றால் அந்த பேட்டரியால் தேவையான கரண்ட்டைக் கொடுக்க முடியவில்லை. வோல்டேஜ் விழுந்ததும் இஎஸ்சியின் லோ வோல்டேஜ் கட்-ஆஃப் குறுக்கே வந்து சக்தியைக் குறைக்கும், அது உங்களுக்கு உதறலாகத் தெரியும்.

சார்ஜரில் உள் மின்தடை பார்க்கும் வசதி இருந்தால் அதையும் பாருங்கள். செல்களுக்குள் வித்தியாசம்தான் முக்கியம். இரண்டு செல் 5 மில்லிஓம் காட்டி மூன்றாவது மட்டும் 15 காட்டினால் அந்த ஒரு செல் மொத்த பேட்டரியையும் இழுத்து விழுத்தும்.

லேபிளில் இருக்கும் சி ரேட்டிங்கை (கொள்ளளவைப் போல எத்தனை மடங்கு கரண்ட் கொடுக்கும் என்ற எண்) நம்பி ஏமாறாதீர்கள். 5000 எம்ஏஹெச், 50சி என்றால் கணக்குப்படி 250 ஆம்பியர், ஆனால் மலிவான பேட்டரிகள் அதன் பக்கத்தில்கூட வருவதில்லை. வேறு வழியில்லாமல் ஒப்பிட வேண்டுமென்றால் எடையைப் பாருங்கள். ஒரே கொள்ளளவு எழுதிய இரண்டில் மிக இலேசாக இருப்பது பெரும்பாலும் சரக்கு குறைவானது. சின்ன 2200 எம்ஏஹெச், 20சி பேட்டரியை 1/10 நான்கு சக்கர இழுவை காரில் போட்டுவிட்டு மோட்டாரைக் குறை சொல்லக் கூடாது, அது 44 ஆம்பியர்தான்.

இன்னொரு நண்பரின் நல்ல பேட்டரியை வாங்கிப் போட்டு ஓட்டிப் பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் உறுதியான சோதனை. அதில் சரியாக ஓடினால் விசாரணை முடிந்தது.

கட்-ஆஃப்பை அணைத்துவிட்டு ஓட்டினால் உதறல் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். லைப்போ செல் ஒன்றுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே போய்ப் போய் உப்பிவிடும். உப்பிய பேட்டரி கையில் இருந்தால் அதைச் சார்ஜ் போடவும் வேண்டாம், அழுத்திப் பார்க்கவும் வேண்டாம், எரியாத இடத்தில் தனியாக வைத்துவிட்டு மின்கழிவு எடுக்கிறவர்களிடம் சேர்த்துவிடுங்கள்.

நகரவே இல்லை, ஒரே இடத்தில் முன்னும் பின்னும் துடிக்கிறது

பெரும்பாலும் மோட்டாரின் மூன்று தடித்த வயரில் ஒன்று தொடர்பில் இல்லை. கனெக்டரும் சால்டரும் மேலே சொன்னபடி பாருங்கள். அவை சரியென்றால் மீட்டரே இல்லாமல் மோட்டாரைச் சோதிக்க ஒரு வழி உண்டு.

மூன்று வயரையும் இஎஸ்சியிலிருந்து கழற்றுங்கள், பினியன் தனியாக இருக்கட்டும். ஷாஃப்ட்டை விரலால் சுற்றுங்கள். லேசாகத் தட்டித் தட்டிச் சுற்றும், அது காந்தம், சாதாரணம். இப்போது முதல் இரண்டு வயர்களின் முனையை ஒன்றோடொன்று தொடவைத்துப் பிடித்துக்கொண்டு மறுபடி சுற்றுங்கள், பாகில் சுற்றுவது போல ஒரு கனம் தெரியும். இதே மாதிரி மற்ற இரண்டு ஜோடிகளையும் பாருங்கள். மூன்று ஜோடியிலும் ஒரே கனம் இருந்தால் சுருள் நன்றாக இருக்கிறது. இரண்டு ஜோடியில் கனம் இல்லாமல் ஒன்றில் மட்டும் இருந்தால், அந்த இரண்டுக்கும் பொதுவான வயர் எங்கோ அறுந்திருக்கிறது. பெரும்பாலும் மோட்டார் உடலை விட்டு வயர் வெளியே வரும் இடத்தில், ரப்பருக்கு உள்ளேதான் அறுந்திருக்கும். எந்த வயரும் தொடாமல் இருக்கும்போதே ஷாஃப்ட் கனமாக இருந்தால், பேரிங்கும் சரியாக இருந்தால், உள்ளே சுருள் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகியிருக்கிறது. அந்த மோட்டார் முடிந்தது, ரீவைண்ட் செய்யும் செலவில் புதிது வாங்கலாம்.

சாதாரண மல்டிமீட்டரில் ஓம் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். இந்த மோட்டார்களின் தடை மில்லிஓம் கணக்கு, எல்லா ஜோடியும் பூஜ்யம் மாதிரிதான் காட்டும்.

மோட்டார் தேறிவிட்டது, வேறொரு மோட்டாரை மாட்டினாலும் அதே துடிப்பு என்றால் இஎஸ்சியில் ஒரு பக்கத்து ஃபெட் (கரண்ட்டைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்) போயிருக்கிறது. இது வீட்டில் சரிசெய்கிற வேலை இல்லை.

சென்சார் மோட்டார் திடீரென்று உதறுகிறது

கேபிளைச் சந்தேகப்படுங்கள். இந்த ஆறு வயர் கேபிள் மிகவும் மென்மையானது, ஷாசியின் ஓரத்தில் உரசி, பினியன் பக்கம் சாய்ந்து, அல்லது பிளக்குக்குள் தூசி போய் எளிதில் கெடும். கழற்றி, ஊதிவிட்டு, 'க்ளிக்' என்று முழுதாக உட்காரும்வரை மாட்டுங்கள். வேறு கேபிள் இருந்தால் மாற்றிப் பாருங்கள், விலை குறைவுதான்.

சென்சார் இல்லாமலும் ஓடக்கூடிய இஎஸ்சி என்றால் கேபிளைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். கழற்றிய பிறகு முன்பைவிட நன்றாக ஓடினால் கேபிள் அல்லது மோட்டாருக்குள் இருக்கும் சென்சார் பலகை கெட்டிருக்கிறது.

மோட்டாரை இப்போதுதான் மாற்றினீர்கள், முதல் த்ராட்டிலிலேயே பயங்கரமாக உதறியது என்றால் கையை எடுங்கள். சென்சார் செட்டில் ஏ, பி, சி வயர்கள் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். நிறத்தை நம்ப வேண்டாம், மோட்டாரிலும் இஎஸ்சியிலும் அச்சடித்த எழுத்தைப் பாருங்கள். சென்சார் இல்லாத காரில் இரண்டு வயரை மாற்றிப் போட்டால் சுற்றும் திசைதான் மாறும். அதே பழக்கத்தில் சென்சார் காரில் மாற்றினால் இஎஸ்சி புகைந்துவிடலாம்.

உச்ச வேகத்தில் விட்டு விட்டு வெட்டுகிறது

கேவியை (சுமையில்லாமல் ஒரு வோல்ட்டுக்கு மோட்டார் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும் என்ற எண்) பேட்டரியின் முழு வோல்டேஜால் பெருக்குங்கள். 5400 கேவி மோட்டாரை 3எஸ்ஸில் போட்டால் 5400 × 12.6, அதாவது நிமிடத்துக்கு 68,000 சுற்றுக்கும் மேல். மோட்டார் பெட்டியில் போட்டிருக்கும் உச்ச அளவை அது தாண்டினால் 2எஸ்ஸுக்கு இறங்குங்கள். அளவுக்குள் இருந்தால், மோட்டாரின் டைமிங்கை (சுருளுக்குக் கரண்ட் போகும் கணத்தை முன்னே தள்ளும் செட்டிங்) யாராவது ஏற்றி வைத்திருக்கிறார்களா என்று பார்த்து இறக்குங்கள். இஎஸ்சியில் நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு மாற்றக் கொடுங்கள்.

ஸ்டீரிங் திருப்பும்போது மட்டும் திக்குகிறது

இது காகிங்கே இல்லை. சர்வோ (ஸ்டீரிங்கைத் திருப்பும் சின்ன மோட்டார்) இழுக்கும் கரண்ட்டில் ரிசீவருக்கு (ரிமோட்டின் சிக்னலை வாங்கும் பெட்டி) போகும் வோல்டேஜ் விழுந்து ரிசீவர் ஒரு கணம் அணைந்து எரிகிறது. ரிசீவரின் காலி இடத்தில் ஒரு கெப்பாசிட்டர் செருகிப் பாருங்கள். பெரிய சர்வோ போட்டிருந்தால் அதற்குத் தனி பெக் (ரிசீவருக்கும் சர்வோவுக்கும் வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் சின்ன சர்க்யூட்) வேண்டும்.

சூடான பிறகு உதறல், ஆறினால் சரி

மோட்டார் உடல் 80 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கட்டும். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பாருங்கள், மே மாத மதியத்தில் இன்னும் அடிக்கடி. தாண்டினால் பினியனைக் குறைப்பதுதான் முதல் மருந்து, விசிறி அதற்கு அப்புறம். இஎஸ்சி அதிகம் சுட்டால் தானாகவே சக்தியைக் குறைக்கும், அதன் விளக்கு சிமிட்டும் விதத்தைக் கையேட்டோடு ஒப்பிட்டால் காரணம் தெரிந்துவிடும்.

மோட்டார் ஒரு முறை 100 டிகிரியைத் தாண்டிப் போய் வந்திருந்து, அதன் பிறகு ஆறினாலும் முன்பு மாதிரி இழுக்கவில்லை, சீக்கிரம் சுடுகிறது, கிளம்பும்போது உதறுகிறது என்றால் ரோட்டரின் காந்தம் பலம் இழந்திருக்கலாம். சில மோட்டார்களுக்கு ரோட்டர் மட்டும் தனியாகக் கிடைக்கும், கேட்டுப் பாருங்கள்.

எப்போது கடைக்குப் போக வேண்டும்

இஎஸ்சியிலிருந்து கருகிய வாசனை வந்தால், தண்ணீர் புகுந்த பிறகு உதறல் தொடங்கியிருந்தால், நல்ல பேட்டரி, வேறு மோட்டார் இரண்டையும் மாற்றிப் பார்த்தும் அதே துடிப்பு என்றால் மறுபடி பேட்டரியை மாட்டிப் பார்க்காதீர்கள். வாரண்டி இருந்தால் இஎஸ்சியைப் பிரிக்காமல், வயரை வெட்டாமல் அப்படியே அனுப்புங்கள், கனெக்டரை மாற்றியிருந்தால் சில நிறுவனங்கள் அதையே காரணம் காட்டி மறுப்பதுண்டு, முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கடையில் கொடுக்கும்போது மோட்டார் கேவி, பேட்டரி எத்தனை எஸ், பினியனிலும் ஸ்பரிலும் எத்தனை பல், எந்த அறிகுறி, எதையெல்லாம் மாற்றிப் பார்த்தீர்கள் என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதி, உதறும்போது எடுத்த வீடியோவையும் காட்டுங்கள். மோட்டார், இஎஸ்சி, நீங்கள் ஓட்டுகிற அதே பேட்டரி மூன்றையும் சேர்த்தே கொண்டு போங்கள்.